கோப்புகளுக்குக் கடற்படை எண்வரிசை: ஒரு சங்க அலுவலகத்தின் மதிப்புரை

அமெரிக்கக் கடற்படையும் அதன் மரைன் படையும் தங்கள் கடிதங்கள், கோப்புகள், நிலையாணைகள் ஆகியவற்றைப் பொருள்வாரியாக அடுக்குவதற்கு ஓர் எண் பட்டியலை வைத்திருக்கின்றன. எஸ்.எஸ்.ஐ.சி. (ஸ்டாண்டர்ட் சப்ஜெக்ட் ஐடென்டிஃபிகேஷன் கோட்ஸ்) என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் பட்டியலில் ரகசியம் எதுவும் இல்லை. கையேடாகத் தொகுக்கப்பட்டு இணையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. தென்சென்னையில் இயங்கும் எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தின் அலுவலகக் கோப்புகளை இந்தப் பட்டியலைக் கொண்டு மாற்றி அடுக்கியிருக்கிறோம். பெரும்படை ஒன்றுக்காக வகுக்கப்பட்ட முறை, இரண்டு மேசையும் நான்கு இரும்பு அலமாரியும் கொண்ட ஓர் அலுவலகத்தில் எவ்வளவு தூரம் உழைக்கிறது என்று அறிய விரும்புவோருக்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் அதன் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். ஓர் அலுவலகத்தில் எழக்கூடிய விஷயங்கள் அனைத்தும் பதின்மூன்று பெரும் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயிரம் ஒதுக்கப்பட்டுள்ளது. 1000 படைவீரர்களின் பணி விவகாரங்களுக்கும், 2000 தகவல் தொடர்புக்கும், 3000 படை நடவடிக்கைகளுக்கும், 4000 பண்டங்கள், கொள்முதல், போக்குவரத்து ஆகியவற்றுக்கும் உரியவை. 5000 பொது நிர்வாகம், 6000 மருத்துவம், 7000 நிதி. 8000 முதல் 13000 வரையுள்ள தொகுதிகளில் வெடிபொருள், கப்பல், பொதுத் தளவாடம், கரையோரக் கட்டடங்கள், குடிமைப் பணியாளர், வானூர்தி ஆகியவை வரிசையாக அமைகின்றன. ஆயிரத்துக்குள் நூறுகளும், நூறுக்குள் பத்துகளும், பத்துக்குள் ஒற்றை எண்களும் விஷயத்தை மேலும் மேலும் குறுக்கிக்கொண்டே செல்கின்றன. 5000 பொது நிர்வாகம் என்றால் 5200 நிர்வாக முறைகள். அதற்குள் 5210 ஆவணப் பராமரிப்பு. அதை அடுத்து 5211 தனிமனிதத் தகவல் பாதுகாப்பு, 5212 பழைய ஆவணங்களை அகற்றுதல், 5213 படிவங்கள், 5214 அறிக்கைகள், 5215 நிலையாணைகள், 5216 கடிதப் போக்குவரத்து. ஓர் அலுவலகத்தின் தாள் வேலை முழுவதும் அடுத்தடுத்த எண்களில் அண்டை வீடுகளாக அமர்ந்திருப்பதை இந்த ஒரு வரிசையிலேயே பார்க்கலாம். ஒன்றைத் தேடிச் செல்பவரின் கைக்கு அதன் உறவு விஷயங்களும் தாமே எட்டுகின்றன என்பது இந்த முறையின் முதல் நன்மை.

இதற்கு முன் எங்கள் அலுவலகத்தில் இருந்தது, தமிழ்நாட்டின் அரசு அலுவலகங்களோடு பழகிய அனைவரும் அறிந்த முறைதான். சென்னை மாகாணத்தில் வேர்விட்ட டாட்டன்ஹாம் முறையின் எளிய வடிவம் என்று அதைச் சொல்லலாம். தபால் வந்ததும் அதற்கு ஒரு ந.க. எண் விழும்; அந்த எண் உரிய இருக்கையின் தன்பதிவேட்டில் ஏறும்; நடவடிக்கை முடிந்ததும் ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு அல்லது நிலையான இருப்பு என்று தீர்மானிக்கப்பட்டு, ஓ.மு., மூ.மு., ப.மு. போன்ற குறிகளோடு கோப்பு பதிவறைக்குப் போகும். இந்த முறையைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஒரு தாள் இந்த நேரத்தில் யார் மேசையில் இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டால் இதைவிடத் துல்லியமாகப் பதில் சொல்லும் முறை வேறொன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த எண் தாளின் வரவைக் குறிக்கிறதேயன்றி அதன் பொருளைக் குறிப்பதில்லை. குடும்ப ஓய்வூதிய நிலுவை பற்றிச் சங்கம் இதுவரை எழுதியிருக்கும் கடிதங்கள் எல்லாம் எங்கே என்று கேட்டால், ஒவ்வோர் ஆண்டின் பதிவேட்டையும் முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியிருக்கும். அல்லது, அந்த இருக்கையில் நெடுநாள் இருந்த எழுத்தரின் ஞாபகத்தை நம்பியிருக்க வேண்டும். எங்கள் எழுத்தர் ஓய்வு பெற்றபோது அலமாரிகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. எதை எங்கே தேடுவது என்று சொல்லத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

பொருள் எண் அந்தச் சார்பை நீக்குகிறது. 600004 என்று எழுதினால் எந்த அஞ்சல்காரர் பணிக்கு வந்தாலும் கடிதம் மயிலாப்பூருக்குப் போவதுபோல, 1770 என்று முகப்பில் எழுதிய கோப்பு, உயிரிழந்த வீரர்களின் குடும்பத்தார் தொடர்பானது என்பது அலமாரியைத் திறக்கும் எவருக்கும் தெரியும். நேற்றுச் சேர்ந்தவருக்கும் தெரியும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பொருள் எண்ணை ஏற்றுக்கொள்ளும் அலுவலகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. பொருள் எண் வந்துவிட்டதால் வரிசை எண் வேண்டாம் என்று முடிவுசெய்வது தவறு. அந்தக் கடற்படையே அப்படிச் செய்வதில்லை. அவர்களுடைய அலுவல் கடிதத்தின் வலது மேல் மூலையில் மூன்று வரிகள் இருக்கும்: முதல் வரியில் பொருள் எண், இரண்டாவது வரியில் அனுப்பும் பிரிவின் குறியும் வரிசை எண்ணும், மூன்றாவதில் தேதி. முதல் வரி எது பற்றியது என்று சொல்கிறது. இரண்டாவது வரி எந்தத் தாள் என்று சொல்கிறது. நாங்களும் இப்போது 1770 என்று எழுதி, அதன் கீழே பழைய வழக்கப்படி ந.க. எண்ணையும் ஆண்டையும் எழுதுகிறோம். தன்பதிவேடு நிற்கவில்லை, அதில் பொருள் எண்ணுக்காக ஒரு பத்தி கூடியிருக்கிறது, அவ்வளவே.

நிலையாணைகளுக்கு எண் இடுவதிலும் இதே நுட்பம் காணப்படுகிறது. கடிதப் போக்குவரத்துக் கையேட்டின் எண் 5216.5. புள்ளிக்கு முன்னால் இருப்பது பொருள்; பின்னால் இருப்பது அந்தப் பொருளில் வெளியான ஆணைகளின் வரிசை. நிலையாணை திருத்தப்படும்போது எண் மாறுவதில்லை. இறுதியில் ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்து ஒன்று சேர்கிறது. ஒரே விஷயத்தில் ஆண்டுக்கொரு சுற்றறிக்கை வெளியிட்டு, எது நடப்பில் உள்ளது, எது காலாவதியானது என்று உறுப்பினர்களைத் திகைக்க வைக்கும் வழக்கம் நம் சங்கங்கள் பலவற்றில் இருக்கிறது. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் கையேட்டைப் படித்த நேரம் வீண்போகாது.

எங்கள் கோப்புகள் இந்தப் பட்டியலில் எப்படிப் பொருந்தின என்று சில உதாரணங்களால் காட்டுகிறேன். ஓய்வூதிய ஆணை, 2014 ஜூலை முதல் கணக்கிடப்படும் ஒரே பதவி ஒரே ஓய்வூதியம், படை ஓய்வூதியங்களுக்கான ஸ்பார்ஷ் இணையதளத்தில் ஏற்றவேண்டிய வாழ்நாள் சான்றிதழ் ஆகியவற்றை ஓய்வுக்குரிய 1800 வரிசையில் வைத்தோம். வீரர் இறந்த பின் மனைவிக்கு மாறும் குடும்ப ஓய்வூதியம் 1770க்குச் சென்றது. முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் தொடர்பானவை, வெளி மருத்துவமனைகளில் பெறும் சிகிச்சையையும் உள்ளடக்கும் 6320இல் எளிதாக அமர்ந்தன. பதக்கங்கள், விருதுகள் 1650. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அனுப்பும் மனுக்களுக்கு எங்கே இடம் என்று யோசித்தோம். அமெரிக்காவில் அதற்கு இணையான சட்டம் பற்றிய கடற்படை ஆணையின் எண் 5720.42 என்பதால், 5720ஐயே எடுத்துக்கொண்டோம். அலுவலகத்தின் தீயணைப்புக் கருவியைப் புதுப்பிக்கும் ரசீதுக்குக்கூட 11320 என்று ஓர் இடம் கிடைத்தது. படைவீரருக்கு 1000, குடிமைப் பணியாளருக்கு 12000 என்று பட்டியல் பிரித்து வைத்திருப்பது எங்களுக்கு எதிர்பாராத உதவியாக அமைந்தது: உறுப்பினர்களின் விவகாரங்களும், சங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் எழுத்தர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் விவகாரங்களும் முன்பு ஒரே பெட்டியில் கலந்து கிடந்தன.

தனிநபர் கோப்புகளை மட்டும் பொருளின்படி சிதறடிக்கக் கூடாது. ஒருவரைப் பற்றிய தாள்களை ஒரே கோப்பில் வைத்து, உரிய பொருள் எண்ணின் கீழ் பெயராலோ எண்ணாலோ வரிசைப்படுத்துவதே படை அலுவலகங்களின் வழக்கம். நாங்கள் படை எண்ணால் வரிசைப்படுத்துகிறோம். ஒரே பெயரில் பல உறுப்பினர்கள் இருக்கும் சங்கத்தில் அதுவே பாதுகாப்பு. அலமாரியைக் கடந்து செல்பவர் கண்ணில் எந்தக் குடும்பத்தின் பெயரும் படுவதில்லை என்பது கூடுதல் நன்மை.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். பதின்மூன்று தொகுதிகளில் வெடிபொருள், கப்பல், வானூர்தி ஆகிய மூன்றும் எங்களுக்கு முற்றிலும் பயனற்றவை. படை நடவடிக்கைகளும் அப்படியே. பயனற்ற பக்கங்களை அச்சிடாமல் விட்டுவிடலாம் என்பதால் இதைப் பெரிய குறையாக நான் கருதவில்லை. பட்டியல் ஆங்கிலத்தில், அதுவும் அமெரிக்கப் படை வழக்கின் சொற்களில் இருக்கிறது என்பதுதான் உண்மையான தடை. ஒரு விஷயத்துக்கு எண் என்ன என்று கண்டுபிடிக்க அகரவரிசைச் சுட்டியை நாட வேண்டும். அந்தச் சுட்டியில் கேன்டீன் அட்டை, ஸ்பார்ஷ், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்றெல்லாம் தேடினால் எதுவும் அகப்படாது. ஆகவே எங்கள் எழுத்தர் அம்மா தம் கைப்படத் தமிழில் ஒரு சுட்டி தயாரித்தார். உறுப்பினர்கள் வாயில் வழங்கும் சொல்லே அதில் தலைச்சொல், எதிரே எண். இந்தச் சுட்டி இல்லாமல் பட்டியலை மட்டும் மேசையில் வைத்திருந்தால், சில மாதங்களில் எல்லாக் கடிதங்களும் 5000 என்ற பொதுப் பெட்டியில் போய் விழுந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டாவது குறை ஆழமானது. ஒரு கடிதம் இரண்டு விஷயங்களைப் பேசினால் என்ன செய்வது? கணவரை இழந்த ஒருவர், குடும்ப ஓய்வூதியம் தொடங்கவில்லை என்றும், அதனால் மருத்துவத் திட்ட அட்டையும் புதுப்பிக்கப்படவில்லை என்றும் ஒரே தாளில் எழுதுகிறார். அது 1770ஆ, 6320ஆ? அனுப்பியவர் யார் என்பதையோ முதல் பத்தி எதைப் பற்றியது என்பதையோ பார்க்காமல், அலுவலகம் செய்யவேண்டிய முதன்மைக் காரியம் எது என்று பார்த்து எண்ணிட வேண்டும். மற்ற எண்ணின் கோப்பில், தாள் எங்கே இருக்கிறது என்று காட்டும் குறுக்குக் குறிப்பு ஒன்றைச் செருக வேண்டும். விதி எளிமையானதுதான். வேலை மிகுந்த நாளில் அந்தக் குறுக்குக் குறிப்பைத்தான் எல்லோரும் முதலில் கைவிடுகிறார்கள்.

முன்கூட்டியே வரைந்த கட்டங்களுக்குள் எதையும் அடக்கும் முறைகள் அனைத்துக்கும் பொதுவான இந்தச் சிக்கலுக்கு விடை தேடியவர் இந்த நகரத்தில்தான் இருந்தார் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழி இரா. அரங்கநாதன், 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில், தயாராக இருக்கும் எண்களின் பட்டியலைக் கொடுப்பதற்குப் பதிலாக, ஒரு விஷயத்தின் கூறுகளைத் தனித்தனியே குறித்து அவற்றை இணைத்து எண்ணை உருவாக்கும் வழியைக் காட்டினார். அறிவுலகம் முழுவதற்கும் அது பெரிய கொடை. ஆனால் காலை பத்து மணிக்குத் தபாலைப் பிரித்துப் பதினொரு மணிக்குள் எண்ணிட்டு முடிக்கவேண்டிய ஓர் எழுத்தருக்கு, கூறுகளைப் பகுத்து எண்ணைக் கட்டுவதைவிடப் பட்டியலைப் பார்த்து எண்ணை எடுத்தெழுதுவதே நடைமுறையில் சாத்தியம் என்பதால், கடற்படையின் தயாரான பட்டியலுக்கே என் வாக்கு.

இதையொத்த வேறு முறைகளும் உண்டு. அமெரிக்கத் தரைப்படை 1914 முதல் சுமார் அரை நூற்றாண்டு காலம், டூயி 1876இல் வெளியிட்ட நூலகப் பகுப்பைப் பின்பற்றிய தசம எண் கோப்பு முறையை வைத்திருந்தது. அதில் 100 நிதி, 200 ஆளணி, 400 பண்டங்கள், 500 போக்குவரத்து, 600 கட்டடங்கள், 700 மருத்துவம், 383.6 என்றால் போர்க்கைதிகள். தனி வீரரின் பணிக்கோப்புக்கு 201 என்று எண். முறை போன பிறகும் அந்த எண் போகவில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டுத் தனியார் நிறுவனங்களில்கூடப் பணியாளரின் கோப்பை இன்றும் 201 என்றே அழைக்கிறார்கள். அந்தக் காலத்து ஆவணங்களைத் தேடும் வரலாற்று ஆய்வாளர்களுக்கு அந்தத் தசம எண்களே இன்றும் வழிகாட்டி. நம் மத்திய அரசு அலுவலகங்களிலும் பொருள் எண் முறை இருக்கிறது: ஏ-12011 என்பதுபோலத் தொடங்கும் கோப்பு எண்ணில், எழுத்து பெருந்தலைப்பையும், முதல் இரண்டு இலக்கங்கள் உட்தலைப்பையும், அடுத்த மூன்று இலக்கங்கள் அதற்கும் உட்பட்ட தலைப்பையும் குறிக்கின்றன. ஆனால் பணியமைப்பு போன்ற பொது வேலைகளுக்கு உரியவை தவிர, அந்தத் தலைப்புகள் அமைச்சகத்துக்கு அமைச்சகம் மாறுகின்றன. தனியார் சங்கம் ஒன்று எடுத்த எடுப்பில் பயன்படுத்துவதற்குத் தயாரான ஒரே பட்டியலாக அது இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே நாங்கள் கடல் கடந்து போக நேர்ந்தது.

எவ்வளவு நுணுக்கமாகப் போகலாம் என்பது ஒவ்வோர் அலுவலகமும் தானே முடிவுசெய்ய வேண்டியது. என் கருத்தில், ஒரு பொருள் எண்ணின் கீழ் ஓர் ஆண்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய தாள்களே சேருமானால் அந்த எண்ணை மேலே உள்ள பத்தோடோ நூறோடோ சேர்த்துவிட வேண்டும். எங்களுக்குப் படிவம், அறிக்கை, சுற்றறிக்கை என்று 5213, 5214, 5215 தனித்தனியே தேவைப்படவில்லை. எல்லாம் 5210இல் இருக்கின்றன. மாறாக, 1800 வரிசை நிரம்பி வழிந்ததால் அதை மட்டும் உட்பிரிவுகளாகப் பிரித்தோம். எண்ணைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஒருவரிடமே இருப்பது நல்லது. இருவர் எண்ணிட்டால், இருவருடைய தீர்ப்பும் நியாயமாகவே இருந்தாலும், ஒரே விஷயம் இரண்டு பெட்டிகளில் வளரும்.

செலவு அதிகமில்லை. பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவிலும் அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும் பாக்ஸ் ஃபைல், ஃபைல் போர்டு, டேக், ஒட்டுத்தாள் எல்லாம் மொத்த விலையில் கிடைக்கின்றன. ஒட்டுத்தாள் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். சென்னையின் ஈரக்காற்றில் மலிவான பசை கழன்றுவிடுகிறது. எண் உதிர்ந்த பெட்டிக்கு இந்த முறையில் மதிப்பே இல்லை. முகப்பட்டையில் ஒட்டுவதோடு, பெட்டிக்கு உள்ளேயும் எண்ணை மார்க்கரால் எழுதிவிடுவது நல்லது. எண் வரிசைப்படி அலமாரியை அடுக்கும்போது வேறொரு சிக்கலும் வரும். வழக்கப்படி மேலிருந்து கீழாக அடுக்கினால் 11000, 12000 ஆகியவை அடித்தட்டுக்கு வரும். கீழிருந்து தொடங்கினால் எங்களுக்கு உயிர்நாடியான 1770, 1800 கோப்புகள் தரையோடு தரையாக இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த நகரத்தில் இரண்டாவது வழியை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். தாழ்வான பகுதியில் உள்ள அலுவலகங்கள் அடித்தட்டைக் காலியாகவே விடுவது உத்தமம்.

கையேட்டோடு சேர்த்து அமெரிக்கக் கடற்படையின் ஆவண இருப்புக் கால அட்டவணையையும் பதிவிறக்கி, அந்தக் காலங்களையே பின்பற்றலாம் என்று எங்கள் செயற்குழுவில் ஒரு யோசனை எழுந்தது. எண்ணோடு இருப்புக் காலத்தைப் பிணைத்து வைத்திருப்பது அவர்களுடைய முறையின் மிகச் சிறந்த அம்சங்களில் ஒன்று என்பது உண்மையே. ஆனால் எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதை அந்தந்த நாட்டின் சட்டமே தீர்மானிக்கிறது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஒரு சங்கம், தன் கணக்கு ஏடுகளையும் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளையும் பற்றித் தன் தணிக்கையாளரைக் கேட்டு முடிவெடுப்பதே முறை. எண்ணை மட்டும் இரவல் வாங்கி, அதன் எதிரே நமக்குப் பழகிய ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிலையானது என்ற பாகுபாட்டையே எழுதி வைத்திருக்கிறோம். குடும்ப ஓய்வூதியக் கோப்புகள் அனைத்தும் நிலையானவை. அவற்றில் எதையும் அழிக்கும் துணிவு எங்களில் யாருக்கும் இல்லை, தேவையும் இல்லை.

நாலைந்து உறுப்பினர்களோடு, ஒரே ஒருவர் எல்லாவற்றையும் கவனிக்கும் சிறு அமைப்புக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே அகரவரிசையில் அடுக்கிய கோப்புகளே போதும். எழுத்தர்கள் மாறிக்கொண்டே இருக்கும், பழைய கடிதங்களை அடிக்கடி எடுத்துப் பார்க்கவேண்டிய அலுவலகங்கள் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். கல்வி அறக்கட்டளைகள், குடியிருப்போர் நலச் சங்கங்கள் போன்றவை 1000, 3000, 8000, 9000, 13000 ஆகியவற்றை நீக்கிவிட்டு மீதியைக் கொண்டே சமாளிக்க முடியும்.

கணினியிலும் இதே எண்களைக் கோப்புறைகளுக்குப் பெயராக வைக்க விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. 1000 முதல் 9000 வரை நான்கு இலக்கம், 10000 முதல் ஐந்து இலக்கம் என்பதால், பெயர்களை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் மென்பொருள்களில் 10000, 11000, 12000 ஆகியவை 2000க்கு முன்னால் வந்து நின்றுவிடும். நான்கு இலக்க எண்களின் முன்னால் ஒரு சுழியம் சேர்த்து 01770, 05720, 06320 என்று பெயரிட்டால் வரிசை நேராகிவிடுகிறது. காகிதக் கோப்பின் முகப்பில் அந்தச் சுழியம் தேவையில்லை.